செத்துப்போன மந்திரவாதியின் புத்தகத்துக்கு என்ன விலை?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். நீங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டைஸ் உருட்டிக் கதையாக ஆடும் மேஜை ஆட்டம்) ஐந்தாம் பதிப்பு ஆடுகிறீர்கள். உங்கள் குழு ஒரு மந்திரவாதியை வீழ்த்தி அவனுடைய ஸ்பெல்புக்கை எடுத்திருக்கிறது. உள்ளே 12 ஸ்பெல், அதாவது மந்திரம். காலிப் புத்தகத்தின் விலையான 50 பொற்காசுக்குமேல் எந்தக் கடைக்காரனும் தரமாட்டான் என்கிறார் டிஎம் (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துபவர்). விஸார்ட் (மந்திரவாதி) ஆடும் நண்பர் ஒவ்வொரு ஸ்பெல்லின் லெவலுக்கும் (சக்திப் படிக்கும்) 50 வீதம், மொத்தம் 30 லெவலுக்குக் கணக்குப் போட்டு 1,500 கேட்கிறார். எது நியாயம் என்று கேட்கிறீர்கள். விலையைக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் எதனுடைய விலை என்பதுதான் முதலில் தீரவேண்டிய வழக்கு. தோல் அட்டையும் தாளுமா? அதில் எழுதிய மையா? அதைப் பார்த்து எழுதிக்கொள்ளும் வாய்ப்பா? உங்கள் டிஎம் முதலாவதுக்கு விலை சொல்கிறார், நண்பர் இரண்டாவதுக்கு. வாங்க வருபவர் பணம் கொடுப்பது மூன்றாவதுக்கு.

நான் பெங்களூரில் காஸ்ட் அக்கவுண்டண்ட். அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறு மாலைகளில் பதினோரு வருடமாக டிஎம்மாக உட்கார்கிறேன். ஆனால் இந்தக் கேள்விக்கு அதைவிடப் பெரிய தகுதி, கல்லூரி படித்த நான்கு வருடமும் அவென்யூ ரோட்டில் பெரியப்பாவின் பழைய பாடப்புத்தகக் கடையில் உட்கார்ந்திருந்தது. ஒருவர் படித்துக் கரைத்த புத்தகத்துக்கு இன்னொருவர் என்ன கொடுப்பார் என்பதை அங்கே தினமும் பார்த்தேன்.

முதலில் சந்தேகமில்லாத பகுதி. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிப்படி காலி ஸ்பெல்புக் 50 காசு. 100 பக்கம், 3 பவுண்டு எடை. இன்னொருவர் புத்தகத்திலிருக்கும் ஸ்பெல்லைத் தன் புத்தகத்தில் எழுதிக்கொள்ள, அந்த ஸ்பெல்லின் ஒவ்வொரு லெவலுக்கும் 2 மணி நேரமும் 50 காசும் ஆகும். தன் புத்தகத்தையே இன்னொரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ள லெவலுக்கு 1 மணி நேரம், 10 காசு. 2024-ல் விதிகளைத் திருத்தியபோதும் அந்த 2 மணி நேரத்தையும் 50 காசையும் தொடவில்லை. அந்த 50 எதற்கு என்பதையும் விதியே சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு விஸார்டும் தனக்கென்று ஒரு குறியீட்டில் எழுதி வைக்கிறார். அதை உடைத்துப் புரிந்துகொண்டு, வாயும் கையும் பழகும்வரை செய்து பார்த்து, அதன்பிறகு தன் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். பழகும்போது தீரும் பொருட்களுக்கும் நல்ல மைக்கும் ஆகிற செலவுதான் அந்த 50.

நண்பரின் கணக்கு சறுக்குவது இங்கே. அந்த 50, புத்தகம் கைக்கு வந்தபிறகு வாங்கியவர் தன் பையிலிருந்து போடவேண்டிய பணம். உங்களிடம் 1,500 கொடுத்து வாங்கும் விஸார்ட், பன்னிரண்டையும் எழுதிக்கொள்ள மறுபடி 1,500 செலவழிக்க வேண்டும், 60 மணி நேரம் உட்காரவும் வேண்டும். துணிக்கடைக்காரர் துணிக்கே தையல்கூலியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, தையல்காரரிடம் இன்னொருமுறை கொடுங்கள் என்று அனுப்பிவைப்பது மாதிரி. சரி, செத்தவன் போட்ட முதலீடாவது திரும்பவேண்டாமா என்றால், அவன் முதலீடு போட்டானா என்பதே சந்தேகம். விஸார்டுக்கு முதல் லெவலில் (இங்கே லெவல் என்பது ஸ்பெல்லுடையது அல்ல, ஆளுடைய படி) 6 ஸ்பெல் சும்மா கிடைக்கிறது, அதற்குப்பின் ஏறும் ஒவ்வொரு லெவலுக்கும் 2. ஒன்பதாம் லெவலில் 22 ஸ்பெல், ஒரு காசு செலவில்லாமல்.

அந்த 22-ஐ ஞாபகத்தில் வையுங்கள். நீங்கள் கொடுத்திருக்கும் பட்டியல் (டிடெக்ட் மேஜிக், மேஜ் ஆர்மர், மேஜிக் மிஸைல், ஷீல்டு, மிஸ்டி ஸ்டெப், சஜஷன், கவுண்டர்ஸ்பெல், ஃபயர்பால், ஃப்ளை, கிரேட்டர் இன்விசிபிலிட்டி, ஐஸ் ஸ்டார்ம், கோன் ஆஃப் கோல்டு) 2014 மான்ஸ்டர் மேனுவலில் (எதிரிகளின் விவரம் அடங்கிய விதிப்புத்தகம்) உள்ள மேஜ் என்ற எதிரியுடைய பட்டியல், வரிக்கு வரி. அவன் ஒன்பதாம் லெவல், அறிவு 17, அதற்குக் கூடுதல் 3. விஸார்ட் ஒரு நாளைக்குத் தயார் செய்யக்கூடியது லெவலும் கூடுதலும் சேர்ந்த எண்ணிக்கை: ஒன்பதும் மூன்றும் பன்னிரண்டு. அதாவது அந்த 12 அன்று காலை அவன் தலையில் தயார் செய்து வைத்திருந்தவை. புத்தகத்தில் இருந்ததையெல்லாம் யாரும் எழுதிவைக்கவில்லை. எதிரிகள் ஆட்டக்காரர்களின் விதிப்படி வளரவேண்டும் என்று கட்டாயமில்லை, அதனால் மிச்சம் பத்தையும் கொடு என்று டிஎம்மின் சட்டையைப் பிடிக்க முடியாது. ஆனால் கேட்கலாம். நானாக இருந்தால் விலைபேசும் முன் அதைத்தான் கேட்பேன். சண்டைக்கு உதவாததால் பட்டியலில் ஏறாத ஸ்பெல்லில்தான் பலசமயம் காசு இருக்கிறது.

உங்கள் டிஎம்மின் 50-ம் நிற்காது. பழைய சாமானைச் சந்தையில் விற்றால் பாதி விலை என்பது அதே விதிப்புத்தகத்தின் பொது வழக்கம், அப்படிப் பார்த்தால் அவர் 25 அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? எழுதிய தாளைக் காலித் தாளின் விலைக்குக் கேட்பதை அவென்யூ ரோட்டில் கிலோ ரேட் என்போம். எடைக்குப் போட்டால் கிடைக்கிற பணம். எந்தப் புத்தகத்துக்கும் கீழ்வரம்பு அதுதான், அதற்குக் கீழே போகாது. ஆனால் அதுவே விலையாகிவிடாது.

பெரியப்பா கடையில் நடப்பதைச் சொல்கிறேன். செமஸ்டர் முடிந்ததும் ஒரு பையன் ஐந்து புத்தகத்தைக் கட்டித் தூக்கிக்கொண்டு வருவான். அவன் பார்ப்பது பின்னட்டையில் அச்சிட்ட விலையை. பெரியப்பா அட்டையைப் பார்க்கவே மாட்டார். நடுவில் விரித்து, கட்டு விட்டிருக்கிறதா என்று கட்டைவிரலால் முதுகை அழுத்துவார். பிறகு கன்னடத்தில் ஒரே கேள்வி: "யாவ ஸ்கீம்?" எந்தப் பாடத்திட்டம் என்று. கர்நாடகத்தின் பொறியியல் பல்கலைக்கழகமான வி.டி.யு.வில் 2018 ஸ்கீம், 2021 ஸ்கீம், 2022 ஸ்கீம் என்று பாடத்திட்டம் மாறிக்கொண்டே வரும். ஸ்கீம் மாறிவிட்டால் புத்தம்புதுப் புத்தகமும் கிலோ ரேட்தான். மாறவில்லையென்றால் கிழிந்த புத்தகத்துக்கும் பாதி விலை. அவர் மனதில் ஓடிய கணக்கு முழுவதும், அடுத்த மாதம் இந்தப் படிக்கட்டில் ஏறி வந்து இதே புத்தகத்தைக் கேட்கப்போகிறவன் யார், அவனுக்கு வேறெங்கே கிடைக்கும் என்பதைப் பற்றித்தான். ஸ்பெல்புக்குக்கும் இதே கணக்கு, ஒரே ஒரு வித்தியாசத்தோடு. பாடப்புத்தகத்தை விற்றால் கையைவிட்டுப் போய்விடும். ஸ்பெல்புக்கை நகலெடுக்கக் கொடுத்தால் அது அப்படியே இருக்கும், பத்துப் பேருக்குக் கொடுக்கலாம். கரும்பைப் பிழிந்து குடித்துவிட்டுச் சக்கையை விற்கப் போனால், சக்கையிலும் அதே சாறு. ஆகவே விற்கும் முன் உங்கள் விஸார்ட் தனக்கு வேண்டியதை எழுதிக்கொள்ளட்டும். புத்தகத்தின் விலை அதனால் ஒரு காசும் குறையாது.

அப்படியானால் ஒரு நகலுக்கு என்ன வாங்கலாம்? பழைய பதிப்புகள் இதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கின்றன. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட முதல் ஆட்டத்தில் ஒவ்வொரு லெவலுக்கும் தனிப் புத்தகம். தொலைந்து மறுபிரதி வேண்டுமென்றால் முதல் லெவலுக்கு 2,000, இரண்டுக்கு 4,000, மூன்றுக்கு 8,000 என்று இரட்டித்துக்கொண்டே போகும். 2003-ல் வந்த மூன்றரைப் பதிப்பில் லெவலுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு 100 காசு எழுதும் செலவு. இன்னொரு விஸார்ட் தன் புத்தகத்தைக் காட்டுவதற்கு லெவலுக்கு 50 கேட்பார். கைப்பற்றிய புத்தகத்தை விற்றால் எழுதும் செலவில் பாதி கிடைக்கும் என்று அங்கே வெளிப்படையாகவே இருக்கிறது. உங்கள் நண்பரின் 1,500 அந்தக் கணக்கில் அப்படியே வந்துவிடும்: 30 லெவல், 30 பக்கம், 3,000-ல் பாதி. அவர் பழைய ஆளாக இருக்கவேண்டும், அல்லது பழைய ஆளிடம் ஆடப் பழகியிருக்கவேண்டும். 2009-ல் வந்த பாத்ஃபைண்டர் (மூன்றரைப் பதிப்பிலிருந்து கிளைத்த தனி ஆட்டம்) இதை மாற்றியது. லெவலை அதே லெவலால் பெருக்கி, பிறகு பத்தால் பெருக்கு: ஒன்றாம் லெவலுக்கு 10, மூன்றுக்கு 90, ஐந்துக்கு 250, ஒன்பதுக்கு 810. பார்த்து எழுதவிடும் கட்டணம் அதில் பாதி.

எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி வளைவு. லெவல் ஏற ஏற ஸ்பெல்லின் சக்தி படிப்படியாக ஏறுவதில்லை, தாவுகிறது. ஐந்தாம் பதிப்பின் நேர்கோட்டுக் கணக்கில், உலகத்தையே மாற்றி எழுதும் ஒன்பதாம் லெவல் விஷ் ஸ்பெல்லை ஏற்றிக்கொள்ள 450 காசு போதும். ஒரு பிளேட் ஆர்மர் 1,500. கடவுளிடம் வரம் கேட்பதைவிட இரும்புச்சட்டை மூன்று மடங்கு விலை என்றால் எங்கேயோ உதைக்கிறது. அதனால் எழுதும் செலவை விதிப்படி லெவலுக்கு 50 என்றே விட்டுவிடுகிறேன். புத்தகத்தைத் திறந்து காட்டும் கட்டணத்துக்கு மட்டும் பாத்ஃபைண்டரின் பெருக்கலை, பாதியாக்காமல், முழுசாக எடுத்துக்கொள்கிறேன். உங்கள் புத்தகத்தில் முதல் லெவல் நான்குக்கு 40, இரண்டாம் லெவல் இரண்டுக்கு 80, மூன்றாம் லெவல் மூன்றுக்கு 270, நான்காம் லெவல் இரண்டுக்கு 320, ஐந்தாம் லெவல் ஒன்றுக்கு 250. கூட்டினால் 960. பன்னிரண்டும் வேண்டுகிற ஒரே ஆள் வரமாட்டார். இவருக்கு இரண்டு, அவருக்கு மூன்று என்று பல மாதத்தில் பிரிந்து வரும் பணம் அது. அதுவரை பணத்தை முடக்கிப் பூட்டிக் காக்கவேண்டிய கடைக்காரர் பாதிதான் கொடுப்பார், 480. அட்டைக்கு 20 சேர்த்து 500 என்று முழுசாக்கிக் கொடுத்துவிடுவேன். உங்கள் கேள்விக்கு என் நேர்பதில் இந்த 500.

மேல்வரம்பு எங்கே என்று பார்க்க, ஒரே ஒரு ஸ்பெல் எழுதிய ஸ்க்ரோலை, அதாவது சுருளை, வைத்து ஒப்பிடலாம். ஃபயர்பாலைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல் சுருளிலிருந்து எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 2017-ல் வந்த துணைவிதிகளின்படி மூன்றாம் லெவல் சுருள் ஒன்று செய்ய 500 காசும் ஒரு வாரமும் ஆகும். அதிலிருந்து எழுதிக்கொள்ள 20 பக்க டைஸ் உருட்டி, தன் கூடுதலையும் சேர்த்து 13 எடுக்கவேண்டும். கூடுதல் 7 வைத்திருக்கும் விஸார்டுக்கு நான்கில் ஒருமுறை தவறும். தவறினாலும் தேறினாலும் சுருள் போச்சு. ஆகச் சராசரியில் ஒரு ஃபயர்பாலுக்குச் சுருள்வழி ஏறத்தாழ 667 காசு. புத்தகத்திலிருந்து எழுத உருட்டவே வேண்டாம். ஆகவே ஊரில் வேறு எவரிடமும் ஃபயர்பால் இல்லையென்றால் நீங்கள் 600 கேட்டாலும் ஒருவர் கொடுப்பார். ஆனால் ஃபயர்பால் இல்லாத ஊரா? என் ஆட்டத்தில் ஃபயர்பால், ஷீல்டு, மேஜிக் மிஸைல் மூன்றும் எல்லாக் கடையிலும் கிடைக்கும் கைடு புத்தகம் மாதிரி. அவற்றுக்குக் கட்டணத்தைப் பாதியாக்கிவிடுவேன். எங்கும் கிடைக்காத ஒன்றென்றால் மூன்று மடங்குகூடப் போவேன். ரிச்சுவல் (சடங்காக நிதானமாகச் செய்யக்கூடிய ஸ்பெல்) வகைக்கு மட்டும் ஒன்றரை மடங்கு, ஏனென்றால் அதை வாங்க விஸார்ட் அல்லாதவரும் வருவார். 2014 விதிப்படி, ரிச்சுவல் காஸ்டர் என்ற ஃபீட் (தனித்திறமை) எடுத்தவர், அதற்கான வரம் பெற்றுப் புத்தகம் வைத்திருக்கும் வார்லாக் (வேறு வகை மந்திரக்காரர்) இவர்களுக்கும் அது எழுதிக்கொள்ள ஆகும். உங்கள் பட்டியலில் அப்படி இருப்பது டிடெக்ட் மேஜிக் ஒன்றுதான்.

இந்தப் பெருக்கலும் பாதியும் எனக்கு முதல்நாளே தெரிந்திருந்ததாக நினைக்கவேண்டாம். என் முதல் கேம்பெயினில் (பல செஷன் தொடரும் ஒரே கதை) உங்கள் நண்பர் சொல்கிற அதே 1,500-ஐ நான் கொடுத்தேன். கணக்காளன் அல்லவா, எழுதிய செலவு இவ்வளவு, இந்தா பிடி என்று. அந்த வாரமே எங்கள் ஃபைட்டர் போய்ப் பிளேட் ஆர்மர் வாங்கிவிட்டான், விலை காசுக்குக் காசு சரியாக இருந்தது. அதற்குமேல் நான் அனுப்பிய கோப்லின் எதுவும் அவனைத் தொடக்கூட முடியவில்லை. அதுகூடப் பரவாயில்லை. அடுத்த செஷனிலிருந்து எந்த ஊருக்குள் நுழைந்தாலும் குழுவின் முதல் கேள்வி, "இங்க விஸார்ட் யாராச்சும் தனியா இருக்காங்களா?" டிராகனைத் தேடிப் போகவேண்டியவர்கள் புத்தகத் திருடர்களாகிவிட்டார்கள். 3 பவுண்டு சாமானுக்கு 1,500 காசு. அதே 1,500 காசின் எடை 30 பவுண்டு. தூக்கவும் சுலபம், விற்கவும் சுலபம் என்றால் யார் விடுவார்? அடுத்த கேம்பெயினில் பயந்துபோய் 50 என்றேன். விஸார்ட் ஆடுபவன் டைஸைக் கீழே வைத்துவிட்டான். "டேய், பன்னெண்டு ஸ்பெல்லுடா. நோட்டு விலைக்கா கேக்குற?" கடைக்காரன் குரலில் சொல்லிப் பார்த்தேன்: "நோட்டு நல்லாத்தான் இருக்கு சாமி. யாரு வாங்குவான்னு நீங்களே சொல்லுங்க, அந்த வெலைக்கு எடுத்துக்கிறேன்." அவன் நிஜமாகவே யோசித்து, நகரத்தில் இருக்கும் மூன்று விஸார்ட் பெயரைச் சொல்லி, ஒவ்வொருவரிடமும் எது இல்லை என்று விசாரிக்கக் கிளம்பினான். அந்த மாலை முழுக்க அதிலேயே போனது. அந்த வருடத்தில் எங்களுக்கு வாய்த்த நல்ல செஷன்களில் அதுவும் ஒன்று.

இனி உறுதியில்லாத பகுதி. மேலே நான் போட்ட பாதி, ஒன்றரை, மூன்று மடங்கு எல்லாம் என் மொட்டைமாடியில் ஐந்து பேரிடம் தேய்த்துப் பார்த்த எண்கள், அவ்வளவுதான். எந்த விதிப்புத்தகமும் அவற்றுக்குச் சாட்சி சொல்லாது. உங்கள் உலகத்தில் விஸார்ட் எத்தனை பேர் என்பதை உங்கள் டிஎம் மட்டுமே சொல்லமுடியும், முழு விலையும் அந்த ஒரு எண்ணில் தொங்குகிறது. இன்னொன்று, இந்த ஆட்டத்தின் பொருளாதாரத்தை ரொம்பச் சுரண்டினால் உள்ளே ஒன்றும் இருக்காது. விதிப்படி கூலியாளுக்கு ஒரு நாளைக்கு 2 வெள்ளிக்காசு, 10 வெள்ளி ஒரு பொன். நான் சொன்ன 500 பொன், கூலிக்காரர் ஒருவரின் 2,500 நாள் சம்பளம், கிட்டத்தட்ட ஏழு வருடம். கிராமத்துச் சந்தையில் அதை வாங்க ஆள் இருக்காது. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பெரிய நகரத்துக்குப் போகத்தான் வேண்டும், அல்லது கிராமத்தில் கிலோ ரேட்டுக்குக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டவேண்டும். உங்கள் கதை இப்போது எந்த ஊரில் நிற்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. சின்ன ஊர் என்றால் டிஎம் சொல்லும் 50-ஐ நான் குறைசொல்ல மாட்டேன்.

விற்காமல் வாடகைக்கு விடும் வழியும் உண்டு, பெங்களூர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாத வழி. இங்கே வீட்டுக்காரர்கள் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டுப் பழகியவர்கள். அதேபோலப் புத்தகத்தின் முழு மதிப்பையும் அட்வான்ஸாக வாங்கிக்கொண்டு, எழுதி முடிக்கும்வரை கையில் கொடுத்து, திருப்பித் தரும்போது கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கலாம். கோன் ஆஃப் கோல்டு ஒன்றுக்கே 10 மணி நேரம் ஆகும், எனவே முழு நாள் கணக்கு. என் ஆட்டத்தில் இது விற்பனையைவிட நன்றாக ஓடுகிறது. ஆட்டக்காரர்கள் கையில் ஒரேயடியாகக் காசு குவியாமல், ஊருக்குத் திரும்ப ஒரு காரணமும் மிஞ்சுகிறது.

கடைக்குக் கொண்டுபோகும் முன் இரண்டு காரியம். யாரும் திறக்காத புத்தகமென்றால் கிடைத்த இடத்திலேயே திறக்காதீர்கள், கிளிஃப் ஆஃப் வார்டிங் (திறந்ததும் பாயும் மந்திரப் பொறி) போட்டிருக்கலாம், பத்தடிக்குமேல் நகர்த்திவிட்டால் அது கலைந்துவிடும். மூடித் திறக்கும் பொருள் எதிலும் அதைப் போடலாம், புத்தகம் அதற்குத் தோதான இடம், 200 காசு வைரத்தூள் செலவழிக்க மனமிருந்தால் போதும். இரண்டாவது, செத்தவனுக்குச் சீடன் யாராவது இருந்தானா என்று டிஎம்மிடம் கேளுங்கள். குருவின் குறியீட்டிலேயே எழுதப் படித்துப் பழகிய பிள்ளைக்கு இந்தப் புத்தகத்தை உடைத்துப் படிக்கும் வேலை பாதி மிச்சம், அதனால் எந்தக் கடைக்காரரையும்விட அவன் அதிகம் கொடுப்பான். கொடுக்கும்போது இது உங்கள் கைக்கு எப்படி வந்தது என்றும் கேட்பான். அதற்கு என்ன பதில் சொல்லப்போகிறீர்கள் என்பதை மட்டும் உங்கள் குழுவில் எல்லோரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு போங்கள்.